எங்கள் வீட்டுத் தீவில் கரையேறாத மீன்கள்

எனக்குக் கைராசி உண்டு. இதை நானே சொல்லிக்கொள்வது அழகில்லைதான். ஆனால் எழுபதுகளின் நடுவில், புக்கிட் மேராவில் நாங்கள் குடியிருந்த அடுக்குமாடிப் புளோக்கில் யாரைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார்கள். கறிவேப்பிலைக் கன்று வாங்கியவர்கள் அதைத் தங்கள் வீட்டுக்குக் கொண்டுபோகும் முன் ஆறாம் மாடியில் என் கதவைத் தட்டுவார்கள். நான் மண்ணில் ஊன்றி, சுற்றிலும் விரலால் அமுக்கி, ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றிக் கொடுப்பேன். அது பிழைத்துக்கொள்ளும். பக்கத்து வீட்டு மலாய் அக்கா, சோற்றில் வாசனைக்குப் போடும் தன் பண்டான் செடியை என்னிடம் கொடுத்துத்தான் நட்டுக்கொண்டார். எதிர்வீட்டு அம்மா விருந்தாளி வரும் நாட்களில் இட்லி மாவுக்கு உப்புப் போட்டுக் கரைக்க என்னைக் கூப்பிடுவார். என் கை பட்ட மாவு பொங்கி மூடியைத் தூக்கும்.

எனக்குத் தலைக்கனம் இருந்ததா என்று கேட்டால், நன்றாகவே இருந்தது. கோபமும் மூக்கு நுனியிலேயே இருந்தது. ஆனால் கைராசிக்காரியின் கோபத்தை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அது ஒரு வசதி.

என் கணவர் செம்பவாங் கப்பல் பட்டறையில் பெயிண்டர். சுவருக்கும் கதவுக்கும் அடிக்கிற பெயிண்டர் இல்லை. கப்பலின் அடிவயிற்றில், தண்ணீருக்குள் மூழ்கியிருக்கும் பாகத்தில், செங்கல் நிறத்தில் ஒரு பெயிண்ட் அடிப்பார்கள். அந்த வேலை. கப்பலின் அடியில் ஒட்டிக் கெட்டிப்பட்டுப் போயிருக்கும் கூடுகளை முதலில் சுரண்டி எடுப்பார்கள். சுண்ணாம்பு பூசிய குட்டி எரிமலைபோல இருக்கும் அந்தக் கூட்டை எல்லோரும் மலாய்ச் சொல்லால் தெரித்திப் என்றுதான் சொல்வார்கள். அது மறுபடி ஒட்டாமல் இருக்கத்தான் அந்தப் பெயிண்ட். வீட்டுக்கு வந்து மண்ணெண்ணெய் போட்டுக் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாலும் நகக்கண்ணில் அந்தச் சிவப்பு மிச்சம் இருக்கும்.

"என் கை பட்ட கப்பல்ல மூணு வருஷத்துக்கு ஒரு தெரித்திப் ஒட்டாது, தெரியுமா?" என்பார். அதிகம் பேசாத மனிதர். பேசினால் இதைத்தான் பேசுவார்.

"அதான் பார்த்தேன். என் கை பட்டா ஒட்டிக்கும், உங்க கை பட்டா ஒன்னும் ஒட்டாது. நல்ல ஜோடி லா நாம" என்பேன். அவர் சிரித்துக்கொண்டே சோற்றைப் பிசைவார்.

மீன் ஆசை எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது. சிராங்கூன் சாலையில் ரவிக்கைத் துணி எடுத்துவிட்டு, தோசை சாப்பிட்டுவிட்டு, பஸ் நிறுத்தத்துக்குப் போகக் குறுக்குச் சந்தில் நுழைந்தோம். அங்கே ஒரு மீன் கடை. சாதாரணமாகப் பொன்மீனும் சண்டைமீனும்தான் வைத்திருப்பார்கள். அன்று வாசலில் புதிதாக ஓர் உப்புத்தண்ணீர்த் தொட்டி இருந்தது. அதற்குள் ஆரஞ்சு நிறத்தில், கழுத்திலும் இடுப்பிலும் வெள்ளைப் பட்டை கட்டிக்கொண்டு, ஒரு கோமாளி மீன். அது நீந்தவில்லை, ஆடியது. கல்யாண வீட்டில் யாரும் கூப்பிடாமலே நடுவில் வந்து ஆடும் சித்தப்பாவைப்போல ஆடியது. எனக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. பஸ் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருந்தது.

கடைக்காரர் ஒரு சீனப் பெரியவர். எங்களோடு மலாயில் பேசினார். மறுவாரமே இரும்புச் சட்டம் போட்ட கண்ணாடித் தொட்டியை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினார். கிழக்குக் கரையில் பிடித்த கடல் தண்ணீரையும் பீப்பாய்களில் கொண்டுவந்து, ஆறு மாடி தூக்கி வந்து நிரப்பினார். லிஃப்ட் எங்கள் மாடியில் நிற்காது. அவர் யாரைத் திட்டினார் என்று தெரியவில்லை, ஆனால் ஒவ்வொரு படியிலும் திட்டினார். காற்று அடிக்கும் பம்பு, மணல், நான் கொடுத்த ஓர் உடைந்த மண்சட்டி, அந்தக் கோமாளி மீன், துணைக்கு இரண்டு நீல மீன்கள். கோமாளி நேராக மண்சட்டிக்குள் போய்க் குடியேறியது. மூன்றும் பிழைத்தன. மாதங்கள் ஓடின. மூன்றும் கொழுத்தன.

"உப்புத்தண்ணி மீன் வளர்க்கிறது ரொம்பக் கஷ்டமாம். பத்துப் பேர்ல ஒருத்தருக்குக்கூட தங்காதாம்" என்று வந்தவர் போனவருக்கெல்லாம் சொன்னேன். அப்படிச் சொல்லிவிட்டு என் கையைப் பார்ப்பேன். இப்போது நினைத்தால் எனக்கே என்னை ஒரு தட்டுத் தட்டத் தோன்றுகிறது.

கோமாளிக்கு ஒரு ஜோடி வேண்டும் என்று எனக்குத் தோன்றியதில்தான் எல்லாம் ஆரம்பித்தது. கடைக்காரர் ஜோடி தருவதாகச் சொன்னார், ஆனால் ஒரு நிபந்தனை போட்டார். புது மீனை நேராகப் பெரிய தொட்டியில் விடக் கூடாது. உடம்பில் வெள்ளைப் புள்ளி நோய் இருந்தால் பழைய மீனுக்கும் ஒட்டிக்கொள்ளும். மூன்று வாரம் தனியாக வைத்துப் பார்த்துவிட்டுத்தான் சேர்க்க வேண்டும்.

சரி என்று ஒரு நீலப் பிளாஸ்டிக் தொட்டி வாங்கி, சமையலறைக்குப் பின்னால், துணி காயவைக்கும் கழியைச் செருகும் ஜன்னலுக்குக் கீழே வைத்தேன். என் மாமியார் அதைப் பார்த்ததும் விழுந்து விழுந்து சிரித்தார். அவர் செம்பவாங்கில் பட்டறைக் குடியிருப்பில் மூத்த மகனோடு இருந்தார். மாதம் ஒரு தடவை எங்கள் வீட்டுக்கு வருவார்.

"எங்களையும் இப்படித்தான் ஆயி வெச்சாங்க. நாட்டுலேருந்து வந்து கப்பல விட்டு எறங்குனதும் ஊருக்குள்ள விடாம அந்தத் தீவுல கொண்டுபோய் அடைச்சாங்க. உன் புருஷனுக்கு அப்ப ஒரு வயசு, தோள்ல போட்டுக்கிட்டு நின்னேன். அம்மை இருக்கா, காலரா இருக்கான்னு பாத்துப்புட்டுத்தான் கரையேத்துனாங்க" என்றார்.

அன்றிலிருந்து அந்தத் தொட்டிக்கு எங்கள் வீட்டில் தீவு என்றே பெயர்.

தீவுக்குத் தண்ணீர் வேண்டும். ஒவ்வொரு புது மீனுக்கும் புதுத் தண்ணீர். கடைக்காரரை மறுபடி லாரியோடு கூப்பிடலாம் என்றேன். என் கணவருக்கு ரோஷம் வந்துவிட்டது.

"நான் கடல்லயே வேல பாக்குறேன். கடல் தண்ணிக்கு லாரிக்காரனக் கூப்பிடணுமா? நான் கொண்டாறேன் லா."

கொண்டுவந்தார். இரண்டு பெரிய பிளாஸ்டிக் கேன்களில், இரண்டு பஸ் மாறி, செம்பவாங்கிலிருந்து புக்கிட் மேரா வரை. கண்டக்டர் திட்டினாராம். பக்கத்தில் உட்கார்ந்த அம்மாவின் செருப்பு நனைந்ததாம். ஆறு மாடி ஏறி வந்து, மூச்சு வாங்க, ஒரு கண்ணாடி டம்ளரில் அதை ஊற்றி வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார்.

"பாரு, எவ்வளவு தெளிவா இருக்கு. படகு நிக்கிற ஜெட்டி ஓரத்துல எடுத்தா கலங்கலா இருக்கும். இது டாக்குல எடுத்தது. சும்மா கண்ணாடி மாதிரி."

டாக் என்பது கடலோரத்தில் வெட்டிய பிரம்மாண்டமான பள்ளம். கப்பலை உள்ளே விட்டு, கதவை மூடி, தண்ணீரை வடித்துவிட்டால் கப்பல் தரையில் நிற்கும். சுரண்டி, பெயிண்ட் அடித்து முடிந்ததும் கடலைத் திறந்துவிடுவார்கள். தண்ணீர் ஏறி நின்ற அந்தப் பள்ளத்தின் படிக்கட்டில் இறங்கித்தான் அவர் கேனை முக்கியிருக்கிறார். உண்மையிலேயே தண்ணீர் தெளிவாக இருந்தது. ஒரு தூசி இல்லை, ஒரு பாசி இல்லை. நான் அவரை அன்று அதிகமாகவே மெச்சினேன்.

முதல் கோமாளி மீன் மூன்றாம் நாள் காலையில் தொட்டியின் அடியில் படுத்திருந்தது. பயண அலுப்பு என்று நினைத்தேன். தொட்டுப் பார்த்தேன், அலுப்பு இல்லை. இரண்டாவது மீன் இரண்டே நாள். மூன்றாவதும் நான்காவதும் சேர்ந்தாற்போல வந்தன, சேர்ந்தாற்போலப் போயின. ஐந்தாவதைக் கடைக்காரரே தேர்ந்தெடுத்து, பையைத் தூக்கிப் பார்த்து, "பாகுஸ், பாகுஸ்" என்று மெச்சிக் கொடுத்தார். அந்த 'நல்ல' மீனும் நாலாம் நாள் போய்விட்டது.

எதனால் என்று யாருக்கும் தெரியவில்லை. வெள்ளைப் புள்ளி இல்லை. துடுப்பு கிழியவில்லை. நிறம்கூட மங்கவில்லை. எனக்கு அழுகை வந்ததே அதனால்தான். செத்த மீன் அவ்வளவு அழகாக இருந்தது. தொட்டியை வெயிலிலிருந்து நகர்த்தினேன். சமையல் புகை படும் என்று மீன் வறுப்பதை நிறுத்தினேன். பிறகு, செத்தவர்கள் இருக்கும் வீட்டில் மீன் வறுப்பதே சரியில்லை என்று தோன்றி முற்றிலும் நிறுத்தினேன். என் கணவர் அதற்குத்தான் அதிகம் வருத்தப்பட்டார். சோப்பு படக் கூடாது என்று கையை வெறும் தண்ணீரில் கழுவினேன். இறால் பொடியை நிறுத்தி, வேறு தீனி போட்டுப் பார்த்தேன். கடைக்காரர் ஒரு நாள் ஆறு மாடி ஏறி வந்து, தண்ணீரை முகர்ந்து, நக்கிப் பார்த்துவிட்டு, "தெரியலை" என்பதற்கு அவர் மொழியில் உள்ள எல்லாச் சொல்லையும் சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

ஒவ்வொரு மீனுக்கும் முன்னால் என் கணவர் பழைய தண்ணீரைக் கொட்டிவிட்டு, இரண்டு பஸ் மாறி, புதுத் தண்ணீர் கொண்டுவந்தார். ஒரு முறைகூட முகம் சுளிக்கவில்லை. "இன்னைக்குப் போன வாட்டிய விடத் தெளிவு" என்பார்.

புளோக்கில் பேச்சு பரவ நேரமாகவில்லை. எதிர்வீட்டு அம்மா இட்லி மாவைத் தானே கரைத்துக்கொள்ள ஆரம்பித்தார். மேல்வீட்டில் புதிதாக வாங்கிய துளசி என் கதவைத் தட்டாமலே மாடி ஏறிப் போனதை என் கண்ணாலேயே பார்த்தேன். அதுகூடப் பரவாயில்லை. கடைசி நாத்தனாருக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. கல்யாணத்துக்கு ஒன்பது நாள் முன்னால் மண்சட்டிகளில் நவதானியம் முளைக்கப் போடுவார்கள். முதல் பிடி போடுவது கைராசி உள்ள சுமங்கலி. மூத்த மைத்துனர் பெண்ணுக்கு நான்தான் போட்டேன். சட்டி நிறைய முளைத்து, பார்த்தவர்கள் வாயைப் பிளந்தார்கள். இந்தத் தடவையும் நான்தான் என்று நாத்தனார் பல மாதம் முன்பே சொல்லி வைத்திருந்தாள்.

ஐந்தாவது மீன் செத்த வாரம் மாமியார் வந்தார். தீவை எட்டிப் பார்த்தார். இந்தத் தடவை சிரிக்கவில்லை.

"நாங்கல்லாம் உசுரோட கரையேறுனோம். உன் தீவுல ஒன்னுகூட ஏற மாட்டேங்குதே ஆயி" என்றார். பிறகு வெற்றிலையைக் கிள்ளிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னார்: "மொளை போடுறது... இந்த வாட்டி பெரிய மருமவளே போடட்டுமே. நீயும் வேலைக்குப் போயி வர்றவ. எதுக்கு உனக்கு அலைச்சல்?"

அவர் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும், ஒரு சண்டை போட்டுவிட்டுத் தூங்கியிருப்பேன். அவர் மெதுவாக, என் மனம் நோகாமல் சொல்லப் பார்த்தார். அதுதான் சுருக்கென்றது. எனக்கு இருந்த ஒரே பெருமை அது. படிப்பில்லை, நகையில்லை, நிறமில்லை. கை ஒன்றுதான் இருந்தது. குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

மறுநாள் வேலைக்குப் போனேன். நான் அப்போது ஒரு எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் இருந்தேன். மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்துக்கொண்டு, தலைமுடியை விட மெல்லிய தங்கக் கம்பியை நகத்தளவு சில்லில் ஒட்டும் வேலை. அன்று எங்கள் வரிசையில் ஒட்டிய சரக்கு முழுவதும் கழிவாகத் திரும்பி வந்திருந்தது. சூப்பர்வைசர் என்னைத்தான் முதலில் முறைத்தார். நான் சீறினேன். "என் கையச் சொல்லாதீங்க. நேத்து எது மாறிச்சுன்னு பாருங்க" என்றேன். வழக்கமாக நாங்கள் செய்வதும் அதுதான். ஆளை மாற்றிப் பார்ப்போம், மெஷினை மாற்றிப் பார்ப்போம், கம்பியை மாற்றிப் பார்ப்போம். ஒரு நேரத்தில் ஒன்றுதான். அன்று கம்பி உருளை புதிது. அதை மாற்றியதும் சரியாகிவிட்டது.

மதியச் சாப்பாட்டில், டிபன் மூடியைத் திறந்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். என் கையைச் சொல்லாதே என்று சூப்பர்வைசரிடம் கத்தத் தெரிந்த எனக்கு, அதையே என் மாமியாரிடமும் என்னிடமும் சொல்லத் தெரியவில்லையே என்று என் மேலேயே கோபம் வந்தது. பெரிய தொட்டி மீனுக்கும் இதே கைதான் தீனி போடுகிறது. அது கொழுத்துத் திரிகிறது. அதே வீடு, அதே காற்று. இறால் பொடியை மாற்றியும் மீன் செத்தது. பெரிய தொட்டிக்கும் தீவுக்கும் வேறானது ஒன்றே ஒன்று. தண்ணீர்.

ஆனால் அந்தத் தண்ணீரை யார் கொண்டுவந்தார் என்று நினைத்ததும் டிபனை மூடிவைத்துவிட்டேன்.

அவரிடம் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போகலாம் என்று மட்டும் சொன்னேன். கிழக்குக் கரையில் அப்போது புதிதாக மண் கொட்டி மேடாக்கிய கடற்கரை, சின்னச் சின்னத் தென்னைகள். மூடி போட்ட புது வாளியில் தண்ணீர் மொண்டேன். இன்னொரு மீனைப் பலி கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. அங்கே அலை தடுக்கப் போட்டிருந்த கற்களில், அவர் தினமும் சுரண்டுகிற அதே தெரித்திப் அடையடையாக ஒட்டியிருந்தது. கைக்கு அடக்கமான இரண்டு கற்களை எடுத்துப் பையில் போட்டேன்.

"வேலைய வீட்டுக்குக் கொண்டாறியா?" என்று கேட்டார்.

"ஆமா. பேசாம தூக்கிட்டு வாங்க" என்றேன்.

வீட்டில் ஒரே மாதிரி இரண்டு வாளி வைத்தேன். ஒன்றில் கிழக்குக் கரைத் தண்ணீர். மற்றதில் அவர் முந்தின நாள் கொண்டுவந்திருந்த டாக் தண்ணீர். இரண்டிலும் ஒவ்வொரு கல். இரண்டிலும் காற்றுக் குழாய். இரண்டிலும் நானே என் கையால் வைத்தேன், வேண்டுமென்றே. பிறகு சமைக்கப் போய்விட்டேன்.

கொஞ்ச நேரம் கழித்து அவர் கூப்பிட்ட குரல் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

"ஏம்மா! இங்க வாயேன்! இதுக்குக் கை இருக்கு!"

கிழக்குக் கரை வாளி முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். கல்லின் மேல் இருந்த ஒவ்வொரு கூடும் உச்சியில் திறந்து, உள்ளேயிருந்து இறகுபோல ஒரு சின்னக் கை வெளியே வந்து, தண்ணீரை வாரி, உள்ளே போனது. மறுபடி வந்தது. ஐம்பது அறுபது கைகள், ஒன்றுக்கொன்று சொல்லி வைத்ததுபோல, வா வா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தன. சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. அத்தனை வேடிக்கையான ஒன்றை நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

"பத்து வருஷமா சுரண்டுறேன். இது கல்லுன்னுல்ல நெனச்சேன்" என்றார்.

பிறகு அவர் இரண்டாவது வாளியைப் பார்த்தார். அங்கே ஒரு கூடும் திறக்கவில்லை. காத்திருந்தார். நான் அடுப்பை அணைத்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தேன். மாலையாகியும் திறக்கவில்லை. அவர் அந்தக் கல்லை எடுத்து, கிழக்குக் கரை வாளிக்கு மாற்றினார். மறுநாள் காலையில் வேலைக்குக் கிளம்பும் முன் பார்த்தார். பழைய கல்லில் கைகள் ஆடிக்கொண்டிருந்தன, மாற்றி வைத்த கல்லில் ஒரு கூடும் திறக்கவில்லை.

  அவரே நகக்கண்ணைப் பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்.

"பெயிண்ட்ல விஷம் போடுறாங்க. தெரித்திப் ஒட்டாம இருக்கத்தானே அந்த விஷம். டாக்குல புது பெயிண்ட் அடிச்ச கப்பல் நிக்கிற தண்ணி... அதான் அவ்வளவு தெளிவு. அதுல ஒன்னும் உசுரோட இல்ல. அதத்தான் நான் தேடித் தேடி மொண்டுக்கிட்டு வந்திருக்கேன்."

கொஞ்ச நேரம் கழித்து, "ஆனா பெயிண்ட் நல்ல பெயிண்ட்" என்றார். அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. நான் அவர் தோளில் ஓங்கி ஓர் அடி வைத்தேன். அப்புறம் இரண்டு பேரும் சேர்ந்து ஐந்து மீனுக்காகவும் கொஞ்சம் வருத்தப்பட்டோம்.

மாமியாரிடம் நான் போய்ச் சொல்லவில்லை. என் கை நல்லது, உங்கள் மகன் கைதான் என்று ஒரு தாயிடம் எப்படிச் சொல்வது? அந்தக் கை இரண்டு பஸ் மாறித் தூக்கி வந்த கை. பெரியவளே முளை போடட்டும், என் பெருமை எனக்குத் தெரிந்தால் போதும் என்று முடிவு செய்தேன். அந்த முடிவு எனக்குக் கொஞ்சம்கூடப் பிடிக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

முளை போடும் நாள் செம்பவாங் குடியிருப்பின் முன்வாசலில் கூட்டம். வந்தவர்களில் பாதிப் பேர் பட்டறை ஆட்கள். ஒன்பது சட்டிகளில் மண் நிரப்பி மஞ்சள் நூல் சுற்றி வைத்திருந்தார்கள். மாமியார் ஊறவைத்த தானியத் தட்டை எடுத்துக்கொண்டு, "பெரியவளே, வா ஆயி" என்று கூப்பிட்டார். என் ஓரகத்தி என்னைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள். நாத்தனார் முகத்தில் ஈயாடவில்லை. நான் சிரித்த முகத்தோடு நின்றேன். அப்படி நிற்பது எவ்வளவு கஷ்டம் என்று நின்றவர்களுக்குத்தான் தெரியும்.

அப்போது கூட்டத்தில் யாரோ இருமினார்கள். என் கணவர். பத்துப் பேர் முன்னால் நின்று பேசச் சொன்னால் காய்ச்சல் வந்துவிடும் அவருக்கு.

"அம்மா," என்றார். "மீனக் கொன்னது அவ கை இல்ல. நான்தான்."

எல்லோரும் திரும்பினார்கள்.

"டாக்கு தண்ணி கொண்டுபோய் ஊத்துனேன். பெயிண்ட் தண்ணி. அவ கை பட்ட தெரித்திப்பே கை கால ஆட்டிக்கிட்டு ஜம்முன்னு இருக்குது. நான் கொண்டாந்த தண்ணிதான் விஷம்."

 பட்டறை ஆட்கள் இருந்த பக்கத்திலிருந்து ஒரு சிரிப்பு வெடித்தது பாருங்கள், பந்தல் போட்டிருந்தால் பறந்திருக்கும்.

"டாக்கு தண்ணியிலயா மீன் வளத்த? அடப்பாவி!"

"கப்பலுக்குக் கீழ எதுவும் ஒட்டக் கூடாதுன்னு சம்பளம் வாங்குறவன், அதையே வீட்டுக்குத் தூக்கிட்டுப் போயிருக்கான் லா!"

காது மடல் வரை சிவந்து போய் அவரும் சிரித்தார். என் ஓரகத்தி தட்டை மாமியார் கையிலிருந்து வாங்கி என் கையில் வைத்தாள். அவள் மேல் எனக்கிருந்த சின்னச் சின்னக் குறைகளையெல்லாம் அன்றைக்கு மன்னித்தேன். மாமியார் என் தாடையைப் பிடித்துக்கொண்டு, "வாயத் தொறந்து சொல்லியிருக்கலாம்ல ஆயி" என்றார். நான் முதல் பிடியைப் போட்டேன்.  தங்கக் கம்பி ஒட்டுவதைவிடக் கவனமாகப் போட்டேன்.

முளை நன்றாக வந்தது. மிக நன்றாகவே வந்தது. துளசிக்காரரும் இட்லி மாவு அம்மாவும் ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள். நான் கொஞ்சம் பிகு செய்துவிட்டுத்தான் கதவைத் திறந்தேன்.

கல்யாணம் முடிந்ததும் ஆறாவது கோமாளி மீனை வாங்கினோம். தீவுக்குப் புதுத் தொட்டி, கிழக்குக் கரைத் தண்ணீர். மூன்று வாரமும் அது தின்றது, ஆடியது, எங்களை விரட்டியது. கரையேற்றும் நாளுக்கு மாமியார் செம்பவாங்கிலிருந்து தானாகவே பஸ் ஏறி வந்துவிட்டார். மீன் ஒரு கிண்ணத்தில் காத்திருந்தது. நான் அதை என் கணவர் பக்கம் நீட்டினேன்.

அவர் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டார். "நீயே விடு. என் கை வேணாம்."

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அந்த ஒரு மாதமாக அவர் மீன் தொட்டிப் பக்கம் கை நீட்டவே இல்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. மாமியாரும் அதைப் பார்த்தார். வெற்றிலைப் பையைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்து, மகனின் வலக் கையைப் பின்னாலிருந்து இழுத்து, நகக்கண்ணில் சிவப்பு தெரிந்த அந்த விரல்களைத் தன் சேலைத் தலைப்பால் ஒவ்வொன்றாகத் துடைத்தார்.

"தீவுல இருந்து நான் உன்னத் தூக்கிட்டுத்தான் கரையேறுனேன். உனக்கு இல்லாத ராசியா? விடு" என்றார்.

அவர் கிண்ணத்தைப் பெரிய தொட்டிக்குள் மெதுவாகச் சாய்த்தார். புது மீன் வெளியே வந்து, ஒரு சுற்றுச் சுற்றி, தயங்கியது. பழைய கோமாளி மண்சட்டியிலிருந்து எட்டிப் பார்த்தது. பிறகு புதியது நேராகப் போய் அதன் விலாவோடு விலாவாக நின்றுகொண்டது.

அவர் ஈரக் கையோடு வெகுநேரம் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

"ஒட்டிக்கிச்சும்மா" என்றார்.